டோனவனோசிஸ்: வலிக்காமல் வளரும் புண்ணைக் கண்டுபிடிப்பதும் முழுதாக ஆற்றுவதும்

அந்தரங்க இடத்தில் ஒரு சின்னப் புண். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீர் போகும்போது எரிச்சல்கூட இல்லை. 'சூட்டுக் கொப்புளம், தானாகப் போய்விடும்' என்று நாலு நாள் விடுகிறோம். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆயின்மென்ட். கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கும், மறுபடி சிவக்கும். மூன்று மாதம் கழித்து மருத்துவர் முன்னால் உட்காரும்போது, மிளகு அளவில் இருந்தது ஐந்து ரூபாய் நாணயத்தைத் தாண்டியிருக்கும். வலித்திருந்தால் முதல் வாரமே ஓடியிருப்போம்.

இப்படி வரும் புண்ணுக்கு ஒரு காரணம் டோனவனோசிஸ். பால்வினை நோய்களில் அரிதானது. சிஃபிலிஸ், கொனோரியா, எச்.ஐ.வி. என்று கேள்விப்பட்டவர்களுக்கும் இந்தப் பெயர் புதிதாக இருக்கும். பாடப்புத்தகப் படத்தில் பார்த்ததோடு சரி என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. இத்தனைக்கும் இது சாதாரண மாத்திரையில் முழுதாகக் குணமாகும் பாக்டீரியா தொற்றுதான். காரியம் கெடுவது இரண்டு இடத்தில்: தாமதமாக வருவது, சீக்கிரமே மருந்தை நிறுத்துவது. இதில் இரண்டாவதைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அதனால் நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன்.

பெயருக்குப் பின்னால் சென்னை

1882-இல் கல்கத்தாவில் கென்னத் மெக்லியாட் என்ற அறுவை மருத்துவர் இந்தப் புண்ணை முதன்முதலில் விவரித்து எழுதினார். காரணமான கிருமியைக் கண்டவர் சார்லஸ் டோனவன். கல்கத்தாவில் பிறந்து, அயர்லாந்தில் மருத்துவம் படித்து, சென்னை அரசு பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கருங்காய்ச்சல் என்கிற காலா அசாரின் கிருமிக்கு லீஷ்மனோடு சேர்த்து இவர் பெயரும் இருக்கிறதே, அதே டோனவன்தான். 1905-இல் அந்த மருத்துவமனையின் வார்டு பையன் ஒருவனின் வாய்ப்புண்ணிலிருந்து எடுத்த திசுவில், செல்களுக்குள்ளே அடைந்துகிடந்த கிருமிகளைப் பார்த்தார். அவற்றை இன்றும் 'டோனவன் உருக்கள்' என்கிறார்கள். அவர் அதை வேறு வகை ஒட்டுண்ணி என்று நினைத்தார்; பாக்டீரியா என்று தெளிவானது பிற்பாடு. 1999-இல் அதைக் கிளெப்சியெல்லா குடும்பத்தில் சேர்த்து, கிளெப்சியெல்லா கிரானுலோமாட்டிஸ் என்று பெயர் மாற்றினார்கள். பழைய சீட்டுகளில் 'கிரானுலோமா இங்குவினேல்' என்று எழுதியிருந்தால் அதுவும் இதே நோய்தான்.

தென்னிந்தியாவின் கிழக்குக் கடலோரம், பப்புவா நியூகினி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதி, பிரேசில், ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்கள் ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். ஆஸ்திரேலியாவில் 2001 முதல் 2004 வரை தனியாக ஒரு ஒழிப்புத் திட்டமே நடத்தி, நோயைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிட்டார்கள். இந்தியாவிலும் முன்பைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் குறைந்துபோன நோய்க்கு ஒரு சிக்கல் உண்டு: யாருக்கும் அது சட்டென்று ஞாபகத்துக்கு வராது.

படி 1: புண்ணை நன்றாகப் பாருங்கள்

கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், தேவைப்பட்டால் கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

தொற்றிய உடனே எதுவும் தெரியாது. சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். முதலில் தோலுக்கு அடியில் ஒரு கெட்டியான சின்னப் பரு. அது உடைந்து புண்ணாகும். ஆண்களுக்குப் பெரும்பாலும் முன்தோலிலும் மொட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்திலும். பெண்களுக்கு உள் உதட்டிலும் யோனி வாயின் கீழ் விளிம்பிலும். ஆசனவாயைச் சுற்றியும் வரலாம். வாய்வழி உறவில் வாயிலும் வரலாம், அபூர்வமாக.

புண்ணின் முகம்தான் முக்கியம். அடிப்பகுதி பச்சை இறைச்சி மாதிரி ஒரே சீராகப் பளபளவென்று சிவந்திருக்கும். சீழ் கட்டிய மஞ்சள் படலம் பொதுவாக இருக்காது. பஞ்சால் லேசாகத் தொட்டாலே ரத்தம் கசியும், உள்ளாடை உரசினாலே கறை படியும். அதே நேரம் வலிக்காது. இவ்வளவு சிவந்து இவ்வளவு சுலபமாக ரத்தம் வருகிற ஒன்று வலிக்கவில்லை என்றாலே சந்தேகப்பட வேண்டும். விளிம்பு சற்று உயர்ந்து சுருண்டிருக்கும். புண் தோல் மடிப்பு வழியாக மெல்ல ஊர்ந்து தொடை இடுக்குப் பக்கம் பரவும். ஒன்றையொன்று தொடும் தோலில், இந்தப் பக்கப் புண்ணுக்கு நேர் எதிரே அந்தப் பக்கமும் ஒன்று முளைக்கும்.

எல்லாருக்கும் இதே தோற்றம் என்றில்லை. சிலருக்கு மேடாக, மரு மாதிரி சொரசொரப்பாக வளரும். சிலருக்குத் திசு அழுகி, நாற்றமும் வலியும் வரும்; வேறு கிருமிகள் சேர்ந்துகொண்டால் இப்படி ஆகும். இன்னும் சிலருக்குப் புண் பட்டை பட்டையாகத் தழும்பாகி இறுகிவிடும்.

தொடை இடுக்கையும் தடவிப் பாருங்கள். சாதாரணமாக அந்த இடத்தில் புண் என்றால் நெறி கட்டும். டோனவனோசிஸில் நெறி கட்டுவது வழக்கமில்லை. அங்கே கட்டி மாதிரி ஏதாவது தெரிந்தால், அது பெரும்பாலும் தோலுக்கு அடியில் பரவிய இதே நோய்தான். அரையாப்பு (இடுக்கில் நெறி கட்டிப் பெரிதாக வீங்குவது) போலத் தோன்றும், அரையாப்பு அல்ல.

படி 2: இது வேறு எதுவாக இருக்கலாம்?

சிஃபிலிஸ் புண்ணும் வலிக்காது. அதனால் குழப்பம் முதலில் அதோடுதான் வரும். சிஃபிலிஸ் புண் தொட்டால் சட்டைப் பொத்தான் போலக் கெட்டியாக இருக்கும், சுலபத்தில் ரத்தம் வராது, இடுக்கில் நெறி கட்டும், மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் மேலுக்கு ஆறிவிடும். உள்ளே நோய் தொடர்வது வேறு கதை. டோனவனோசிஸ் தானாக ஆறாது. மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும்.

ஹெர்ப்பிஸ் என்றால் கொத்தாகச் சின்னக் கொப்புளம், எரிச்சல், வலி. போய்ப் போய் வரும். சாங்க்ராய்டு என்றால் ஓரம் கந்தலாக, அழுக்குப் படிந்த, தொடவே முடியாத வலியுள்ள புண். கூடவே வலிக்கும் அரையாப்பு. எல்.ஜி.வி. என்ற இன்னொரு நோயில் புண் வந்தது தெரியாமலே மறைந்து, பிறகு இடுக்கில் பெரிதாக வீங்கும்.

புற்றுநோயையும் மறக்கக்கூடாது. மாதக்கணக்கில் ஆறாத, கெட்டிப்பட்ட, மேடாக வளரும் புண் எதுவானாலும் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். தவறு இரண்டு பக்கமும் நடக்கும். கருப்பை வாயில் வரும் டோனவனோசிஸ் பார்வைக்குப் புற்றுநோய் போலவே இருக்கும். நெடுநாள் டோனவனோசிஸ் புண்ணில் பின்னால் புற்றுநோய் வருவதும் உண்டு, அரிதாக.

இத்தனை வித்தியாசம் சொன்னாலும், கண்ணால் பார்த்து நீங்களே முடிவு கட்ட முடியாது. ஒரே ஆளுக்கு இரண்டு நோய் சேர்ந்தும் இருக்கும். இந்தப் படியின் பயன், மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வது மட்டுமே.

படி 3: போவதற்கு முன் எதையும் பூசாதீர்கள்

கடையில் கிடைக்கும் 'மூன்றும் சேர்ந்த' கிரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அது சிவப்பைக் கொஞ்ச நாள் மறைக்கும், கிருமிக்கு இடம் கொடுக்கும். மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக் இரண்டு மாத்திரை போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான்: புண் ஆறாது, ஆனால் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். மஞ்சள், சுண்ணாம்பு, தழைச்சாறு எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றினால் போதும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை உறவு வேண்டாம்.

படி 4: எங்கே போவது, என்ன சொல்வது

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. பலகையில் 'சுகவாழ்வு மையம்' என்று எழுதியிருப்பார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை நடப்பது 'நம்பிக்கை மையம்'. இரண்டிலும் சேவை இலவசம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். தனியாரில் என்றால் தோல் மருத்துவர். இந்தியாவில் தோலும் பால்வினை நோயும் ஒரே படிப்பில்தான் வருகின்றன.

உள்ளே போனதும் 'கீழே கொஞ்சம் அரிப்பு' என்று மழுப்பாதீர்கள். மழுப்பினால் அரிப்புக்கு மருந்து கிடைக்கும். "எனக்கு இந்த இடத்தில் இத்தனை மாதமாகப் புண் இருக்கிறது, வலி இல்லை, தொட்டால் ரத்தம் வருகிறது, இந்த மருந்தெல்லாம் போட்டேன், ஆறவில்லை." இந்த ஒரு வாக்கியம் போதும். கடைசி சில மாதங்களில் உறவு வைத்துக்கொண்டவர்கள், கர்ப்பம், மாத்திரை அலர்ஜி, இதயத்துடிப்புக் கோளாறு ஆகியவற்றை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கண்ணால் பார்க்காமல் மாத்திரை எழுதினால், "டாக்டர், ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

படி 5: பரிசோதனை எப்படி நடக்கும்

ரத்தப் பரிசோதனையில் டோனவனோசிஸ் தெரியாது. சாதாரண கல்ச்சரிலும் வளராது; இந்தக் கிருமி செல்லுக்குள் வாழ்வது, ஆய்வகத் தட்டில் பிடிவாதமாக வளர மறுக்கும். டோனவன் செய்ததைத்தான் இன்றும் செய்கிறார்கள்: திசுவை எடுத்துச் சாயம் போட்டுப் பார்ப்பது.

உப்புநீரில் நனைத்த பஞ்சால் புண்ணை மெதுவாகத் துடைப்பார்கள். பிறகு விளிம்பிலிருந்து ஒரு துணுக்குத் திசுவைக் கிள்ளியோ சுரண்டியோ எடுப்பார்கள். கடுகளவு இருந்தாலே போதும். அதை இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் வைத்து நசுக்கி, காயவைத்து, ஜீம்சா அல்லது லீஷ்மன் சாயம் போடுவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வீங்கிப்போன பெரிய வெள்ளணுக்கள் தெரியும். அவற்றின் வயிற்றுக்குள் சின்னச் சின்ன அறைகள். அறைகளுக்குள் கொத்துக் கொத்தாகக் கிருமி. ஒவ்வொன்றும் இரண்டு முனையிலும் கருத்து, நடுவில் வெளிறி, பூட்டிய ஊக்கு மாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

ரத்தம் கலந்துவிட்டால் பார்ப்பது கடினம். அதனால் இந்த மாதிரியை முதலில் எடுத்துவிட்டு, மற்ற நோய்களுக்கான மாதிரியை அப்புறம் எடுப்பதே நல்லது. ஒரு முறை கிருமி தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. திரும்ப எடுக்கலாம், சதைப் பரிசோதனையும் செய்யலாம். காய்ந்த, தழும்பாகிப்போன வகையிலும், மருவாக வளர்ந்த வகையிலும், புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளபோதும் சதைப் பரிசோதனைதான் வழி.

கூடவே சிஃபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். திறந்த புண் இருக்கும்போது எச்.ஐ.வி. உள்ளே வரவும் வெளியே பரவவும் சுலபம். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது, முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

படி 6: மருந்து, அதை எப்போது நிறுத்துவது

முதல் தேர்வு அசித்ரோமைசின். வாரத்துக்கு ஒரு முறை 1 கிராம், அல்லது தினம் 500 மில்லிகிராம். குறைந்தது 3 வாரம், அதோடு புண் முழுதாக ஆறும்வரை. இந்த 'அதோடு' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. 3 வாரம் என்பது குறைந்தபட்சம். எப்போது நிறுத்துவது என்பதைப் புண்தான் சொல்லும். ஆறாவது வாரத்தில் ஒரு ஓரம் இன்னும் சிவந்திருந்தால், ஏழாவது வாரமும் மாத்திரைதான்.

அரசு மையங்களில் அறிகுறியை வைத்தே தரும் மருந்துப் பைகள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கும். ஹெர்ப்பிஸ் அல்லாத புண்ணுக்கு வழக்கமாகத் தருவது வெள்ளைப் பை: ஒரு பென்சிலின் ஊசி, ஒரே ஒரு வேளை 1 கிராம் அசித்ரோமைசின். சிஃபிலிசுக்கும் சாங்க்ராய்டுக்கும் அது சரியான கணக்கு. டோனவனோசிசுக்கோ அது முதல் வாரத்து மருந்து மட்டுமே. புண் கொஞ்சம் சுருங்கும், 'வேலை செய்துவிட்டது' என்று வீட்டில் இருந்துவிடுவோம், மறுபடி வளரும். அதனால் வெள்ளைப் பை வாங்கியவர்கள் ஒரு வாரத்தில் கட்டாயம் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். ஆறவில்லை என்றால் அந்தத் தகவலே மருத்துவருக்கு ஒரு தடயம்.

அசித்ரோமைசின் ஒத்துவராவிட்டால் மாற்று உண்டு. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலை, இரவு. எரித்ரோமைசின் 500 மில்லிகிராம் நான்கு வேளை. அல்லது ட்ரைமெத்தோப்ரிம் 160, சல்ஃபாமெத்தாக்சசோல் 800 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை. இவற்றுக்கும் அதே கணக்கு: 3 வாரத்துக்குக் குறையாமல், முழுதாக ஆறும்வரை. எது யாருக்கு என்பது மருத்துவரின் முடிவு. அளவுகளை இங்கே எழுதியது நீங்களாக வாங்கிப் போடுவதற்காக அல்ல. உங்கள் சீட்டில் 'மூன்று நாள்' என்று இருந்தால் திரும்பக் கேள்வி கேட்பதற்காக.

வாரம் ஒரு முறை மாத்திரை என்றால் கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் இரண்டு 500 என்று பழக்கமாகிவிட்டால் மறக்காது. வயிற்றைப் பிரட்டும், பேதி ஆகலாம், பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகும். இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் சொல்லாமல் போடக்கூடாது. டாக்சிசைக்ளின் என்றால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, விழுங்கிய உடனே படுக்காமல். பால், இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து இவற்றைத் தள்ளிவைத்து. வெயில் பட்டால் தோல் சுருக்கென்று எரியும். சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள் கடைசி மாத்திரைப் பக்கமே போக வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசினோ எரித்ரோமைசினோதான், டாக்சிசைக்ளின் கூடாது. கர்ப்ப காலத்தில் இந்தப் புண் வேகமாக வளரும், பிரசவத்தின்போது குழந்தைக்கும் தொற்றலாம். ஆகவே பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இதே மருந்து, இதே அளவு. ஆற மட்டும் கூடுதல் நாள் ஆகலாம்.

படி 7: ஆறுகிறதா என்று பார்ப்பது

முதல் சில நாட்களிலேயே ஏதாவது மாற்றம் தெரிய வேண்டும். ரத்தக் கசிவு குறையும், பளபளப்பு மங்கும், சுருண்டிருந்த விளிம்பு தட்டையாகும். பிறகு வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி, குளம் வற்றுவது போலப் புண் சுருங்கும். நடுவில் கடைசியாக மிஞ்சுவது ஒரு அரிசி அளவுச் சிவப்புப் புள்ளி. அந்த இடத்தில்தான் எல்லாருக்கும் அலுத்துப்போகும். அந்தப் புள்ளிக்கும் மருந்து வேண்டும்.

கண் அளவை நம்பாதீர்கள். ஒரு காகிதத் துண்டில் புண்ணின் நீளத்தைக் குறித்துத் தேதி போட்டு வையுங்கள். வாரம் ஒரு முறை போதும். மாற்றமே இல்லையென்றால் மருத்துவர் இன்னொரு ஆன்டிபயாடிக்கைச் சேர்த்துத் தருவார், அல்லது நோய் வேறா என்று திரும்பவும் சதை எடுத்துப் பார்ப்பார்.

ஆறிய இடத்தில் தோல் வெளுத்துப்போகலாம், தழும்பு இறுகலாம். ரொம்ப நாள் விட்டவர்களுக்கு நிணநீர் ஓட்டம் அடைபட்டு உறுப்பே வீங்கி நிற்கும். பெண்களிடம் இது அதிகம். மருந்து கிருமியைக் கொல்லும், அந்த வீக்கத்தை முழுதாக இறக்காது. அதற்குச் சில சமயம் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

படி 8: துணையிடம் சொல்வது

அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 60 நாட்களில் உறவு கொண்டவர்கள் அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். துணைக்கு ஒன்றுமே இல்லாமல் இருப்பதும் இந்த நோயில் சாதாரணம். இது அவ்வளவு சுலபமாகத் தொற்றாது. அதனால் 'அவளுக்கு இல்லை, அப்போ யாரிடமிருந்து வந்தது' என்று வீட்டில் வழக்கு நடத்துவதற்குப் புண் சாட்சி ஆகாது. தொற்றுக்கும் புண்ணுக்கும் நடுவே மாதங்கள் ஓடியிருக்கலாம். நேரில் சொல்ல வாய் வராவிட்டால் மையத்தில் இருக்கும் ஆலோசகர் உதவுவார். ஆணுறை பாதுகாப்புதான், ஆனால் அது மூடும் இடத்துக்கு மட்டும். தொடை இடுக்குப் புண்ணை அது மூடாது.

ஆறிய பிறகும் ஒன்றரை வருடம்

முழுதாக ஆறிவிட்டது என்று மருத்துவரே சொன்ன பிறகும், 6 முதல் 18 மாதத்துக்குள் நோய் அதே இடத்தில் திரும்பலாம். ஆகவே சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். மாதம் ஒரு முறை குளிக்கும்போது தழும்பைத் தடவிப் பாருங்கள்: புதிதாகச் சிவப்பு, சின்ன மேடு, உள்ளாடையில் ரத்தக் கறை. ஏதாவது ஒன்று தெரிந்தால் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள். எத்தனை வாரம் மருந்து சாப்பிட்டீர்கள், கடைசிப் புள்ளி மறைந்த பிறகு நிறுத்தினீர்களா, அதற்கு முன்பா என்பதை மருத்துவர் கேட்பார். இரண்டாவது பதில் என்றாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை எவ்வளவு நாள் தருவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.